எட்டு மூட்டைக் கருவாடும் ஒரு கூடைச் செவ்வந்தியும்

மச்சான்,

இன்று காலையில் மகள் தலையில் மருக்கொழுந்து வைத்துக்கொண்டு எனக்குக் கஞ்சி ஊற்ற வந்தாள். கஞ்சியைத் தள்ளி வைத்தேன். எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். "வாப்பாவுக்கு என்ன கோவம்?" என்று அவள் தாயிடம் கேட்டது காதில் விழுந்தது. கோபமெல்லாம் உன்மேல்தான். என்மேலும்தான்.

நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓலைப்பந்தல் போட்டு அதற்குள்ளே செவ்வந்தி வளர்த்தவன். அடைமழையில் ஊர்ப் பூவெல்லாம் செடியிலேயே அழுகும்போது உன் கூடைப் பூ மட்டும் முகம் வாடாமல் இருக்கும். ராஜபாளையம் சந்தையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து இடம் என்றுதான் பேர். நடுவே பத்தடி விட்டுத்தான் உட்காருவாய். நான் விற்றது கருவாடு. "கவுச்சி ஏறுன பூவ எவன்லே வாங்குவான்? செத்த தள்ளிப் போ மாப்ளே" என்று விரட்டுவாய். மத்தியானம் மட்டும் வெட்கமில்லாமல் வந்து என் சோற்றில் கை வைத்து, "நெத்திலி இல்லையா?" என்பாய்.

அந்தக் கார்த்திகைச் சந்தையன்று உன் கூடையில் இருந்தது கல்யாணப் பூ. மறுநாள் விடியலில் முகூர்த்தம். சோழபுரத்துப் பெண்வீட்டார் மத்தியானம் சந்தைக்கே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மாலைக்குச் செவ்வந்தி, இடையிடையே கட்ட மருக்கொழுந்து. அவர்கள் வருமுன் மழை வந்துவிட்டது. அய்யனார் கோவில் மலைப்பக்கம் கருத்து, திறந்த பொட்டலில் சாட்டையடி மாதிரி இறங்கியது. சந்தை கலைந்தது. இடிக்கு என் மாடுகள் மிரண்டதால் நான் வண்டியைப் பூட்டவில்லை. அந்தப் பொட்டலில் மிஞ்சிய ஒரே கூரை என் கூண்டு வண்டிதான். அதற்குள் எட்டு மூட்டைக் கருவாடு.

நீ இடத்தை விட்டு நகரவில்லை. வருகிறவர்கள் அங்கேதான் தேடுவார்களாம். போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றிக் கூடைமேல் போட்டுவிட்டு, வெற்றுடம்போடு அதன்மேல் கவிழ்ந்து நின்றாய்.

"வண்டிக்குள்ள வா மச்சான்!" என்று கத்தினேன்.

"பூவ எங்க வைக்க?"

"அதையுந்தான் கொண்டு வா."

"தாலி ஏறுற கழுத்துல கருவாட்டு நாத்தம் அடிக்கவா? போலே!" என்று சிரித்தாய்.

நீ வரமாட்டாய் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன், மச்சான். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. மூட்டைகளைக் கீழே தள்ளி, புது வைக்கோல் விரித்து, "பூவை ஏற்று" என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு மூட்டையில் கைகூட வைத்தேன். நனைந்தால் புழுத்துப்போகுமே என்று கையை எடுத்துக்கொண்டேன். கூப்பிட்டாகிவிட்டது, வராதது அவன் பாடு என்று உள்ளே உட்கார்ந்துவிட்டேன். பாவி நான்.

பொழுது சாயும்போது மழை விட்டது. சோழபுரத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஓடையில் வெள்ளமாம். நீ கம்பளியை விலக்கினாய். ஒரு பூகூட நனைந்திருக்கவில்லை. சந்தைக்கு வந்த பூவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற வழக்கம் பூக்காரர்களான உங்களுக்குக் கிடையாது. கூடையோடு தூக்கி என் கருவாட்டு மூட்டைமேல் வைத்தாய். "தங்கச்சிக்குக் கொண்டு போ. இனிமே இதுல என்ன நாத்தம் அடிச்சா என்ன?" என்றாய். பல் தந்தியடித்தது உனக்கு. ஊர்வரை கொண்டுவிடுகிறேன் என்றதும் ஏறி, அந்த மூட்டைகள்மேலேயே சுருண்டு படுத்தாய்.

"நாறலையா மச்சான்?"

"பூவுக்குத்தான்லே கவுச்சி ஆகாது. எனக்கென்ன?"

சளி நெஞ்சில் கட்டி, நாலாம் நாள் போய்விட்டாய். என் வீட்டுச் செம்புத் தண்ணீரில் அந்த மருக்கொழுந்து அன்றும் பச்சையாகவே இருந்தது. அதைத்தான் எடுத்துவந்து உன் காலடியில் வைத்தேன். அதில் என் கை வாடை அடித்தது. நீ விரட்டவில்லை.

இன்னும் அதே சந்தை, அதே இடம். நடுவில் அந்தப் பத்தடியை யாருக்கும் விடுவதில்லை. மலைப்பக்கம் கருத்தால் போதும், மூட்டைகளை இறக்கி வெளியே போட்டுவிட்டு, வண்டியைக் கழுவி வைக்கோல் விரித்துவிடுகிறேன். "ராவுத்தருக்குக் கிறுக்கு முத்திட்டு" என்கிறார்கள். எட்டு மூட்டையும் என் கண்ணெதிரே நனைகின்றன. நானும் வெளியேதான் நிற்கிறேன். வண்டி காலியாக இருக்கிறது, மச்சான்.