குரல் கொடுக்காமல் நடந்தவன்

எலவனாசூர்கோட்டை
ஆகஸ்ட் 4

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் நலம். போலந்தில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன். அப்பா கழனியில் நாற்று விட்டிருக்கிறார், சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மாத்திரை போடுகிறேன் என்கிறார், போடுவதில்லை. என் முழங்கால் பழையபடிதான். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் போன் ரெக்ஸ் கையில்தான் இருக்கிறது, நீ பேசினால் ஸ்பீக்கரில் போடுகிறான், நீங்கள் அக்காளும் தம்பியும் சிரிக்க ஆரம்பித்தால் நான் சொல்ல வந்தது காணாமல் போய்விடுகிறது. அதோடு இதைப் போனில் பேச வேண்டாம் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. படித்ததும் கிழித்துவிடு.

முதலில் நீ நிரப்பச் சொல்லி அனுப்பிய தாள். நீ செய்துகொண்டிருக்கும் விளையாட்டில் ஒரு வழிப்போக்கன் தன்னந்தனியாக மந்திர மலையைக் கடக்க வேண்டும், புறப்படும் முன்னால் பத்துத் திறமைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மலையை நீ கல்வராயன் போலவே வரையப் போகிறாய், அங்கே இருபத்திரண்டு வருடம் கிராமச் செவிலியராக நடந்தவள் என்பதால் நான் எந்த ஐந்தை எடுப்பேன் என்று கேட்டாய். விளையாட்டாகத்தான் பென்சிலை எடுத்தேன். வாள்வீச்சை அடித்தேன். அத்தனை வருடத்தில் நான் வெட்டியது தொப்புள்கொடி மட்டும்தான். வேட்டையை அடித்தேன், எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு வாய் சாமைச்சோறு கிடைக்கும். நீச்சல் எதற்கு, ஓடையில் முழங்கால் தண்ணீர், மழை பிடித்துவிட்டால் எந்த நீச்சலும் உதவாது. தீ மூட்டுவதற்குத் தீப்பெட்டி போதும். மருத்துவம், மலையேற்றம், விலங்கு மொழி, ஆபத்தை முன்னுணர்தல், இந்த நான்கையும் வட்டம் போட்டேன். மிச்சம் இருந்தவை வழி கண்டறிதலும் மறைதலும். பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. நீ அந்த இரண்டுக்கும்தான் அதிகப் புள்ளி வைத்திருக்கிறாய். மறைந்து நடந்தால் மூன்று, யார் கண்ணிலும் படாமல் பள்ளத்தைத் தாண்டினால் இன்னும் ஐந்து. இதை யார் உனக்குச் சொன்னார்கள் ஜெனி. நான் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேரையும் விடுதியில் போட்டுவிட்டு நான் மலையில் இருந்தேன், லீவுக்கு நீங்கள் வந்தால் மலையைப் பற்றிப் பேசமாட்டேன். சொல்லாமல் விட்டதை நீ உன் மனதுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை.

ரெக்ஸும் ஒரு தாள் நிரப்பினான். அவனுக்கு அந்த இரண்டும்தான் முதல். போன மாதம் ஒரு சனிக்கிழமை கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து காட்டு வழியாக ஏறி, நாலு மணி நேரம் நடந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தான். முகமெல்லாம் கீறல். ஒருத்தர் கண்ணுலயும் படலம்மா, வழி அதுவா இழுத்துக்கினு போச்சு, அவ்ளோ நல்ல ஒத்தையடிப் பாதை, உங்க ஜனங்க தூங்கறாங்களா இன்னா என்று கேட்டுக்கொண்டே மூன்று தட்டு சோறு தின்றான். எடுத்த படங்களை உனக்கு அனுப்பினான், நீ எங்கள் விளையாட்டு பிறந்த மலை என்று எழுதி மலையின் பெயரும் போட்டு இணையத்தில் வைத்தாய். பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று என்னிடம் காட்டினான். நானும் பார்த்தேன். மூன்றாவது படம். ஓடை, பெரிய பாறை, இலை தழை போட்டு மூடிய மூன்று கறுப்பு பேரல், ஒரு குழாய். தண்ணி டேங்க் போலிருக்கிறது என்றான். சாராயம் காய்ச்சுவதற்கு ஊறல் போட்டு வைத்திருக்கும் இடம் அது. மலையில் ஊர்ப் பாதை எப்போதும் அரைகுறையாகத்தான் இருக்கும், பாதிப் பேர் பிழைப்புக்குக் கேரளாவுக்குப் போய்விட்டார்கள், நடக்க ஆள் இல்லை, புல் மூடிவிடும். புல் இல்லாமல் பளிச்சென்று தெரிகிற பாதையில் தினமும் ஆள் போகிறது, சுமையோடு போகிறது என்று அர்த்தம். வழி கண்டறியும் திறமை உள்ளவன் நேராக அங்கேதான் போய் நிற்பான். படத்தைப் பெரிது பண்ணிக் காட்டச் சொன்னேன். இடது ஓரத்தில், புதருக்குக் கீழே இரண்டு கால்கள். வெறுங்கால். விரல்கள் படம் எடுத்தவன் பக்கம் திரும்பியிருக்கின்றன. ரெக்ஸ் அதைக் கவனிக்கவில்லை. நீயும் கவனித்திருக்க மாட்டாய். நான் சொல்லவும் இல்லை, நல்லாருக்கு என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து பூமாலை வந்தார். மலைக்காரர், அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்தவள் நான், ஓய்வு பெற்றபிறகு ஒரு தடவைகூடக் கீழே என்னைத் தேடி வந்ததில்லை. ஒரு பை கடுக்காயைக் கீழே வைத்தார், தண்ணீர் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், என் காலைப் பற்றிக் கேட்டார். எழுந்து போகிறபோதுதான் சொன்னார். நர்சம்மா, தம்பி சனிக்கெழம எங்க பக்கம் வந்துச்சு, நீலப் பையி, நல்லா நடக்குது, உங்க நடைதான், ஆனா ஏன் ஒரு கொரலு குடுக்கல என்றார். பேரல் பக்கத்தில் நின்றது உங்கள் ஆட்களா என்று கேட்டேன். இல்ல, எங்காளுங்க இல்ல, கீழ இருந்து வந்து வேல வாங்கறவனுங்க, யாரு இந்தப் பையன்னு அவனுங்க கேட்டானுங்க, நர்சம்மா புள்ளன்னு நான்தான் சொன்னேன், நான் அன்னிக்கு வெறவுக்குப் போயிருந்தேன், அதனால சொன்னேன் என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி நின்றார். அடுத்த வாட்டி நான் அங்க இருப்பனா மாட்டனான்னு சொல்ல முடியாது நர்சம்மா, போன்ல எல்லாம் பேசாதீங்க. அவ்வளவுதான். பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்த பணத்தை வாங்கவில்லை. பாவம், நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதும் அவரைப் போன்றவர்களைத்தான், பேரலுக்குச் சொந்தக்காரன் கீழே வீட்டில் இருப்பான்.

குரல் கொடுப்பது என்றால் உனக்குப் புரியாது. நான் வேலைக்குப் போன முதல் வாரம் துணைச் சுகாதார நிலையத்தில் உதவிக்கு இருந்த தைலம்மாள் என்னைப் பார்த்து, வாய மூடிக்கினு நடக்காதம்மா, இந்த மலையில சத்தம் போடாம வர்றது ரெண்டே பேருதான், ஒன்னு பன்னி, இன்னொன்னு போலீசு, ரெண்டுக்கும் மரியாத ஒன்னுதான் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, நர்சு இசபெல்லா, இன்னார் வீட்டுக்கு ஊசி போட வர்றேன் என்று கத்துவேன். வா என்று எங்கிருந்தாவது பதில் வரும். வந்தால் போவேன். வராவிட்டால் உட்கார்ந்துவிடுவேன், வெயிலானாலும் உட்கார்ந்திருப்பேன். எதையும் பார்த்ததில்லை ஜெனி, நான் பார்க்கக் கூடாததை மறைத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடம் உயிரோடு இறங்கி வந்ததற்கு அதுதான் காரணம். உன் பத்தில் அது இல்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். நீ ஏழாவது படிக்கும்போது ஒரு பையன் வந்தான், செடிகொடிகளைப் பற்றிப் படிக்கிற மாணவன், ரெக்ஸுக்கு இப்போது இருக்கும் வயதுதான். சத்தமே வராத பேச்சு. என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பறவைகள் கலையக் கூடாது என்று மெல்ல நடப்பேன் சிஸ்டர் என்றான். எனக்கு அன்று போலியோ சொட்டு மருந்து வேலை, தலைக்கு மேல் இருந்தது. குரல் கொடுத்துக்கொண்டு போ தம்பி என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இரண்டாம் நாள் டோலியில் தூக்கி வந்தார்கள், பாறையில் வழுக்கிவிட்டான் என்றார்கள். முதுகிலும் கழுத்திலும் சின்னச் சின்னதாக வட்டக் காயம். நாட்டுத் துப்பாக்கி ரவை. ஏழு எடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் இருந்ததை என்னால் எடுக்க முடியவில்லை. பன்னியென்று நினைத்துச் சுட்டார்களா, தெரிந்தே சுட்டார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். அவனே என் கையைப் பிடித்துக்கொண்டு, பாறைதான் சிஸ்டர், பாறைன்னே எழுதுங்க என்றான். எழுதினேன். ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினேன். பிழைத்தான், ஒரு கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். ஃபாதரிடம் பண்ணும் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொன்னதில்லை.

இதற்குமேல்தான் முக்கியமானது. போன வாரம் பைக்கில் ஓர் ஆள் வந்து நம் தெருமுனையில் நாராயணசாமி டீக்கடையில் நர்சம்மா வூடு எது என்று கேட்டிருக்கிறான். பையன் இன்னா பண்றான், எத்தன மணிக்கு வூட்டுக்கு வருவான், பெரிய ரோட்டு வழியா வருவானா, ஏரிக்கரை மேல வருவானா, தனியா வருவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். நாராயணசாமி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, நல்ல பையன், பீடி சிகரெட் கெடையாது என்று சிபாரிசும் பண்ணியிருக்கிறார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பொண்ணு வூட்டுக்காரங்கன்னா டீக்கடையிலதான்டி விசாரிப்பாங்க, நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பா விசாரிக்கலியா, நான் குடிகாரன்னு எவனோ சொல்லியும் குடுத்தாரே அந்த மனுசன் என்று சிரிக்கிறார். ஏரிக்கரை எதற்குக் கேட்டான் என்றேன். பையன் ஊரைச் சுத்தறவனா, வூடு தங்கறவனான்னு தெரிஞ்சிக்கத்தான் என்றார். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ஞாயிறு பூசைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார், கோயில் உபதேசியாரிடமும் சொல்லிவிட்டார். பெண் யார், எந்தப் பங்குக் கோயில் என்று ஊரே கேட்கிறது. நான் என்ன சொல்வேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறார்.

ரெக்ஸ் மறுபடி போகிறான். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவிடம் பங்குப் பையன்களோடு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் என்று சொல்லியிருக்கிறான், அவரும் காவி வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். 27-ம் தேதி புறப்படுகிறான். மூன்று நாள், மலையை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டுமாம், உன் விளையாட்டின் முழு வழியும் அதுதானாம். நான் தடுத்துப் பார்த்தேன். காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை, சொன்னால் அந்தக் கால்களை அவன் நேரில் பார்க்கப் போவான், அவனை உனக்குத் தெரியும். போனா ஒரு லைஃப் கொறையும், அவ்ளோதாம்மா, வெளையாட்டுல அஞ்சு இருக்கு என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான்.

அதனால் நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இணையத்தில் இருக்கும் படங்களை எடுத்துவிடு, மூன்றாவதை மட்டும் அல்ல, எல்லாவற்றையும், மலையின் பெயரையும். பிறகு அவனைக் கூப்பிட்டு விளையாட்டு நின்றுவிட்டது என்று சொல். கம்பெனிக்கு மலை பிடிக்கவில்லை, பாலைவனமோ கடலோ கேட்கிறார்கள் என்று சொல். பொய்யாக இருக்க வேண்டாம், உண்மையிலேயே நிறுத்திவிடு. உன் பெயரில் வரப்போகும் முதல் விளையாட்டு, இரண்டு வருட உழைப்பு, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது வெளியே வந்தால் அந்தப் பாதையைத் தேடி அவன் ஒருவன் மட்டும் போகமாட்டான், யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ வருவார்கள், அவர்களுக்காகச் சொல்ல மேலே பூமாலை நிற்கமாட்டார். அவனை உன்னிடம் கூப்பிட்டுக்கொள்ள வழி இருந்தால் அதையும் பார். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுது, என்னுடைய வளையல் இருக்கிறது.

இதை யார் கையிலும் கொடுத்தனுப்ப முடியாது, நானே உளுந்தூர்பேட்டைக்குப் போய் ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். பத்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும், தூர தேசத்தில் தனியாக இருக்கும் என் பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நேரத்துக்குத் தூங்கு. ஒன்று மட்டும் மறக்காதே. ரெக்ஸிடம் பேசும்போது அழாதே, கோபப்படாதே, குரல் நடுங்கக் கூடாது. பயந்துவிட்டாய் என்று தெரிந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவான். எப்போதும் பேசுகிற மாதிரி அவனைக் கேலி பண்ணிக்கொண்டே சொல். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் ஜெனி.

உன் அம்மா
இ. இசபெல்லா