என் பல்லில் கட்டிய கம்பி

ஆஸ்டின் டவுன், பெங்களூர், ஜூலை 1961, செவ்வாய்

இந்த வயதில் அழகுக்காகப் பல்லில் கம்பி கட்டிக்கொண்டேன் என்கிறார்கள். பொய். சாய்ந்த பல்லை நிமிர்த்தினால் பிடுங்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார், கட்டிக்கொண்டேன்.

இன்று கம்பியை முறுக்கிவிட்டார். வலி காதுவரை ஏறியது. மாத்திரை என் வயிற்றுக்கு ஆகாது. உப்புநீரில் கொப்பளித்தேன். கன்னத்தைக் குத்திய கம்பி முனையில் மெழுகுவர்த்தியிலிருந்து துளி மெழுகு கிள்ளி ஒட்டினேன். ராகிக் கஞ்சி இறங்கியது.

மகன் வந்தான். "எதுக்கும்மா இந்த அவஸ்தை? பிடுங்கிடலாம். டாக்டர்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டார்."

"என் பல்லுக்கு நீ போய் சரி வாங்கிட்டு வந்தியா?" என்றேன். மருமகள் சிரிப்பை முந்தானையில் மறைத்தாள்.

கான்வென்ட் பள்ளியில் பழகிய கையெழுத்தில் டாக்டருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன்: "நோயாளி நான். பிடுங்கத்தான் வேண்டுமென்றால் காரணத்தை என் பெயருக்கு எழுதி அனுப்பவும்."