தாரணிக்குப் போட்ட சேலை

மார்ச் 4, செவ்வாய்
மழை. மகள் தாரணியின் 31ம் நாள் காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள். வாங்க: உழுந்து, வாழையிலை, கற்பூரம். பத்தொன்பது வயது. காய்ச்சல் என்று படுத்த பிள்ளை, எழும்பவேயில்லை.

அன்று சனத்துக்குக் கொடுக்கிற நினைவு மலரை அண்ணை எழுதுகிறார். போனில் வாசித்தார். "அடக்கமானவள், பரதம் பயின்றவள்." பரதமா? ஏழு வயதில் சலங்கையைக் கழற்றி எறிந்தவள். அவள் உதைத்த பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டேன்.

"உது பொம்பிளைப் பிள்ளையின்ர மலருக்குச் சரிவராது, தங்கச்சி."

சரி என்று போனை வைத்துவிட்டேன். என்னில்தான் ஆத்திரம்.

மார்ச் 5, புதன்
ஷிப்ட் முடிந்து டிவி. ஜெர்மன்காரி விளையாட்டை விடுகிறாளாம். தாரணியின் அறைச் சுவரில் படமாக இருக்கிறவள். சின்னதில் பெடியன்களோடு விளையாடித் தொடங்கியவள். முழங்காலில் இரண்டு தரம் ஒபரேஷன் செய்தும் திரும்பி வந்து நாட்டுக்குக் கோல் போட்டவள். எல்லாம் பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

மைக்குக்கு முன்னால் அழுகிறாள். ஏனடி அழுகிறாய்? வீட்டுக்குத்தானே போகிறாய்?

பிள்ளையின் ஒரு மேட்சுக்கும் நான் போனதில்லை. சனிக்கிழமை எப்போதும் ஷிப்ட். "அம்மா, ஜெர்மன்காரியைப் பாருங்கோ. நானும் உப்பிடித்தான் மறிக்கிறவளுக்கு முதுகைக் குடுத்து நிப்பன். பிறகு டக்கெண்டு திரும்புவன்." அவளைப் பார்த்துத்தான் என் பிள்ளையைப் பார்த்தேன். இனி யாரைப் பார்க்க?

மார்ச் 6, வியாழன்
மலரின் அட்டைக்குத் தாரணியின் படம் கொடுத்தேன். கோல் போட்ட அன்று எடுத்தது. 9ம் நம்பர் சட்டை, கட்டைக் காற்சட்டை, முழங்காலெல்லாம் சேறு, வாய் ஆவென்று. அண்ணை, "ஓம், பாப்பம்."

மார்ச் 8, சனி
குளிர். ஃபாரஸ்ட் கேட் தமிழ் அச்சகத்திலிருந்து அண்ணை நினைவு மலர்ப் பெட்டியோடு வந்தார். அட்டையில் தாரணியின் தலை. கழுத்துக்குக் கீழே பச்சைப் பட்டுச்சேலை, நெற்றியில் பொட்டு. கம்ப்யூட்டரில் போட்டதாம். வாய் மட்டும் அதே வாய்.

"வடிவா இருக்கெல்லே?"

"இது ஆர் அண்ணை?"

"காற்சட்டையோட போட்டால் சனம் என்ன சொல்லும்?"

"சனம் அவள் விளையாடினதைக் கண்டதோ? பெத்த நானே காணேல்லை!"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். தட்டட்டும்.

மார்ச் 9, ஞாயிறு
வெயில். மலர்ப் பெட்டி கட்டிலுக்குக் கீழே. ஒருவருக்கும் கொடுக்கவில்லை. படையலுக்குப் பின்னால் காற்சட்டைப் படம், பெரிதாக. அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

தாரணியோடு விளையாடின பிள்ளைகள் வந்தார்கள். சிந்து என்ற பிள்ளை படத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, இந்தக் கோல் எப்பிடிப் போட்டவ தெரியுமே?"

"தெரியாது."

எழும்பினாள். முதுகைக் கொடுத்து நின்றாள்.

"பிள்ளை, இரும்! ஐயர் மந்திரம் சொல்லுறார்," அண்ணை.

"ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ," என்றேன் ஐயரிடம். "அவள் காட்டட்டும்."