அக்கா முடித்துவைக்கும் வாக்கியங்கள்

மார்ச் 3
பல் டாக்டரும் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார், "இவங்களுக்கு எங்க வலிக்குதாம்?" பல் என்னுடையது! நான் "மே..." என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா, "கீழ்க் கடைவாய்ப் பல்லு டாக்டர்" என்று முடித்துவிட்டாள். தொட்டுக் காட்டலாமென்றால் என் கை நான் சொன்ன இடத்துக்குப் போகாது. நல்ல பல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறவியிலேயே எனக்கு நாக்கு மெதுவாகத்தான் புரளும். என் பேச்சு புரிகிற ஒரே ஆள் அக்கா, அவளும் முழுசாகக் கேட்பதில்லை. அலுத்துவிட்டது.

மார்ச் 9
வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து பதில். மாற்றுத்திறனாளிகள் குடியிருப்பில் எனக்கொரு வீடு! அச்சகத்துக்குக் கணினியில் ஒற்றை விரலால் தட்டிப் பிழை திருத்தித் தருகிற சம்பளத்தில் வாடகை கட்டிவிடலாம். ஆனால் இது என் சொந்த விருப்பம்தான் என்று அதிகாரி முன்னால் நானே வாயால் சொல்லவேண்டுமாம். எழுதிக் கொடுத்தால் செல்லாது, வேறு யாராவது எழுதியிருக்கலாமாம். என் பேச்சு புரிகிறவரைக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.
வேறு யார் இருக்கிறார்கள்? சிரிப்புத்தான் வந்தது.

மார்ச் 10
அக்காவிடம் சொன்னேன்.
"இங்க உனக்கு என்னடி குறை வச்சேன்? குளிக்கும்போது வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா?"
எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதை அவளிடம் சொல்வேனா?

மார்ச் 14
பேச்சுவார்த்தை இல்லை. பேசாமலே தலை வாரிவிட்டாள், வலிக்க வலிக்க.

மார்ச் 18
வீட்டுவசதி அலுவலகத்துக்கு அக்காதான் கூட வந்தாள். அதிகாரி அவளிடம், "தங்கச்சி உங்ககூட சந்தோஷமாத்தானே இருக்காங்க?" என்றார்.
"அவளையே கேளுங்க சார்."
"நா... தனியா..." அக்கா வாயைத் திறந்தாள். போச்சு, இங்கேயும் முடித்துவைக்கப் போகிறாள் — என்று நினைத்தேன். மூடிக்கொண்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கிறவரை அக்கா காத்திருந்துவிட்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்:
"நான் தனியா இருக்கணும். அக்கா என்னை நல்லாத்தான் பாத்துக்கறா. ஆனா அவ பக்கத்துல இருந்தா என்னால பேசவே முடியல."
கடைசி வரியை என்னைப் பார்க்காமல் சொன்னாள்.
"இப்படியேவா சொன்னாங்க?"
"இப்படியேதான் சார்."
பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பாவமாக இருந்தது. சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

மார்ச் 24
சாவி கொடுத்துவிட்டார்கள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் துணிகளை மடிக்கிறாள். "எந்தப் போர்வை வேணும்?" என்று கேட்டாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.