கோசீக்கன்ட் 210, ஒரு டெக்னீஷியன் வேலை

12 ஆகஸ்ட், திங்கள்

விடியக்காலையிலேயே மழை. சுங்கை வே பஸ் ஸ்டாப்புல முட்டி வரைக்கும் நனைஞ்சாச்சு. ஃபேக்டரி போர்டுல நோட்டீஸ்: டெக்னீஷியன், ஒரே ஆள். சனிக்கிழமை கணக்குப் பரீட்சை. அதுக்குக் கம்பெனி நடத்தின கிளாஸுக்குக் கடைசிவரைக்கும் வந்தது நானும் என் லைன்ல நிக்கிற பார்வதி அக்காவும்தான் (இனி ப.அக்கா).

டெக்னீஷியன்னா பகல் வேலை மட்டும். வீட்டுக்காரரு லோரி எடுத்துக்கிட்டு ஜொகூர் போனா வாரத்துல ரெண்டு நாள்தான் வீடு. எனக்கு நைட் வாரம் வந்தா கவிதா பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட படுத்துக்கும். ஆறு வயசு. "அம்மா, இன்னிக்கு நீ வீட்டுலயா?"ன்னு தினம் கேக்குது. கேக்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு வருது, யார் மேலன்னு தெரியல.

வாங்க: வெங்காயம், கவிதா ஸ்கூலுக்குப் போட வெள்ளை சப்பாத்து.

14, புதன்

கிராஃப் போடற கால்குலேட்டர் (இனி கா.) ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு. இன்னிக்கு என் முறை. மதியச் சாப்பாட்டு நேரத்துல கேன்டீன்ல படிச்சோம்.

ப.அக்கா: "சீக்கன்ட் பட்டன் எங்கடி?"

"இல்லக்கா. கோசைனைக் கண்டுபிடிச்சு ஒண்ணை அதால வகுக்கணும்."

"இத்தன பட்டன் வச்சவனுக்கு அத வைக்க இடமில்லியா லா?"

கோசீக்கன்ட் கிராஃப் போட்டேன். நிமிர்ந்த கிண்ணம் ஒண்ணு, கவுத்த கிண்ணம் ஒண்ணு. 180ல ஒண்ணுமே இல்ல. அங்க சைன் பூஜ்யம், வகுக்க முடியாது.

மறக்காம: 210ல 180 போனா 30, அதான் ரெஃபரன்ஸ் ஆங்கிள். சைன் 30 அரை. மூணாவது கால்வட்டத்துல சைன் மைனஸ். அப்ப கோசீக்கன்ட் -2.

அக்காவுக்கு முட்டி வீங்கிக் கிடக்கு. டெக்னீஷியன்னா உக்காந்து வேலை. பாவம். ஆனா வேலை எனக்குத்தான் வேணும்.

16, வெள்ளி

கா. நேத்துலேர்ந்து அக்காகிட்ட. ரேடியன் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தாங்களாம். சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில்லேர்ந்து நேரா வீட்டுக்கு வந்து கொடுத்தாங்க. "சாமி காலடியில வச்சு எடுத்தேன்டி, ரெண்டு பேருக்கும் சேர்த்து." ஆயுத பூஜைக்கு மிஷினுக்கு வைக்கிற மாதிரி சந்தனப் பொட்டு, மேல குங்குமம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

17, சனி

ஒன்பதுக்கு நான், பதினொண்ணுக்கு அக்கா, வேற கேள்வித்தாள்.

முதல் கேள்வியே கோசீக்கன்ட் 210. தட்டினேன்: 2.138. ஐயோ, மைனஸ் எங்க? மூணாவது கால்வட்டமாச்சே! அப்பதான் புரிஞ்சுது. கா. டிகிரிக்கு மாறாம அக்கா போட்ட ரேடியன்லயே நிக்குது. மாத்தலாம்னு மோடு பட்டனை அமுக்கினா நகரல. சந்தனம் உள்ள இறங்கிக் காய்ஞ்சு கிடக்கு. சாமி காலடியாம்! அக்காவை நெனச்சு வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன், மனசுக்குள்ள. பயிற்சி கொடுக்கிற சீனர்கிட்ட காட்டினேன். "யூ ஜாகா பண்ணியிருக்கணும்லா"ன்னுட்டாரு, நான்தான் பத்திரமா பாத்துக்கணுமாம்.

30, 45, 60ல வர்றதெல்லாம் கையால போட்டேன். மத்ததுக்கு டிகிரியை பை(π)யால பெருக்கி, 180ஆல வகுத்து, அப்புறம் தட்டினேன். நேரம் போயிடுச்சு. கடைசிக் கேள்வி தொடவே இல்ல.

வெளிய அக்கா, நெத்தி நிறைய விபூதி. "எப்படிடி?" கா.வைக் கையில கொடுத்தேன். இருக்கறது ஒரே வேலை. பேசாம போயிருக்கலாம். நாலு படி இறங்கவும் செஞ்சேன்.

திரும்பி ஏறிட்டேன். "அக்கா, ரேடியன்ல மாட்டிக்கிச்சு, மோடு அமுங்கல." கொண்டை ஊசியால நோண்டினோம், நகரல. பையால பெருக்கறதை அவங்க உள்ளங்கையில பேனாவால எழுதிக் காட்டினேன். மனப்பாடம் பண்ணிட்டு, எச்சில் தொட்டு அழிச்சிட்டு உள்ள போனாங்க.

21, புதன்

ப.அக்காவுக்குக் கிடைச்சிருக்கு. நான் ரெண்டு மார்க் கம்மி. வயிறு எரியுது. இங்கயாவது உண்மையை எழுதறேன்.

25, ஞாயிறு

வெயில். அக்கா கேசரியோட வந்தாங்க. "நீ சொல்லலன்னா நான் அவ்ளோதான்டி." "தெரியும்க்கா"ன்னேன். கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. "இனிமே நான் ராத்திரி வீட்டுலதானே. உன் நைட் வாரத்துல பிள்ளைய என்கிட்ட விடு. என் பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன்."

நல்ல மனசு. அதுக்காகவா பரீட்சை எழுதினேன்? கவிதா பக்கத்துல நான் படுக்கணும்னுதான் எழுதினேன். அவங்ககிட்ட "சரிக்கா"ன்னேன்.

நாளையிலேர்ந்து நைட். கவிதா துணிப்பையில: கவுன் ரெண்டு, போர்வை, பல் பிரஷ். அதுவே வந்து தலகாணியை எடுத்து உள்ள வச்சுது. "இன்னிக்கு நீ வீட்டுலயா?"ன்னு கேக்கல.