தாழைக்கு அடியில் நின்றவர்

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தாத்தாவும் இருந்தால் அவருக்குக்கூட வேண்டாம். சித்தப்பாவும் அவர் பெற்ற பிள்ளைதானே. தாங்க மாட்டார்.

அம்மாவும் தங்கச்சியும் தூங்குகிறார்கள். விளக்குத் திரியை இறக்கிவைத்து, அடுக்களை மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை. கோழிக் கிறுக்கல் என்று திட்டாதீர்கள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் முதல் நாள் மட்டும்தான் போனேன். வகுப்புக்குள் காலை வைக்கும்போதே ஒருத்தி, "ஏளா, தள்ளி உக்காருங்க, வெடிக்காரன் மவ வாரா. தொட்டா வெடிச்சிருவா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் ஆற்றில் வெடி போட்டு மீன் பிடித்தீர்களாம். எறியத் தெரியாமல் எறிந்து செத்துப்போனீர்களாம். திரேஸ்புரம் முழுக்க இதுதான் பேச்சு.

நீங்களா? மீன் முள் உடைந்திருந்தாலே, "இது வெடியில செத்தது, வாங்காத" என்று அம்மாவிடம் கூடையைத் திருப்பித் தள்ளிவிடுகிற நீங்களா?

அன்றைக்கு உங்களுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை இருந்தது. கப்பல் வரவில்லை என்று வழியிலேயே ஆள் சொல்ல, திரும்பி வந்து என்னை எழுப்பினீர்கள். "வாளா, ஆத்துக்குப் போவோம். இன்னும் கொஞ்ச நாள்ல அணையத் தெறந்துருவான், அப்புறம் தண்ணி கலங்கிரும்." அம்மாவிடம்கூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். உங்கள் கையில் மீன் போடும் பறி, அதற்குள் பழைய சட்டைத் துணியில் சுற்றிய தூண்டில் முள்ளும் வெள்ளைச் சேவலின் கழுத்து இறகும். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கோழிய எங்க விட்டிய? இறகு மட்டும் டிக்கெட் எடுக்குது?"

"அது கொழம்புல கெடக்கு. நீரு சாயங்காலம் வாரும், கழுத்துத் துண்டு உமக்குத்தான்" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. நீங்கள் எல்லாரையும் சிரிக்கவைத்த கடைசிக் காலை அது என்று யாருக்குத் தெரியும்?

வைகாசிக் கடைசியில் தாமிரபரணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல்தான் அகலம், தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடும். கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். வெயில் ஏறினால் தண்ணீர் சுட ஆரம்பித்துவிடும்; கொடுவா மீனெல்லாம் ஆழமில்லாத மேட்டுத் தண்ணீரை விட்டுவிட்டுத் தாழம்புதருக்குக் கீழே இருக்கும் அந்த ஒரே மடுவில் போய் ஒதுங்கும். விடிகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே வரும். உங்கள் வேலை எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான்.

அதற்குத்தானே அத்தனை பதனமும் கவனமும்? மழைக்காலத்தில் கட்டும் பெரிய இறகு கூடாது, முள்ளைச் சுற்றிச் சின்னதாக ஒற்றை இறகு. தூண்டில் நரம்பு தலைமுடி மாதிரி மெலிசாக இருக்க வேண்டும். மணலில் செருப்புக் காலோடு நடந்தால் மீனுக்கு அதிரும் என்று நாம் செருப்பை ரோட்டோரத்திலேயே கழற்றி வைப்போம். கரையில் நிற்கக் கூடாது, நிழல் விழும். அதனால் நீங்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, வளைந்து கிடக்கும் தாழைக்கு அடியில், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். இறகு ஒரு சின்னப் பூச்சி மாதிரி தண்ணீரோடு இழைந்து போனது. நான் பின்னால் புதருக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்கே நீங்கள் நிற்கும் இடம் சட்டென்று தெரியவில்லை.

மீனுக்குத் தெரியாமல் நின்றீர்கள். அக்கரையில் வந்தவருக்கும் தெரியவில்லை.

சித்தப்பா தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு டப்பா. கல் உடைக்கிற இடத்தில் யாரிடமோ வாங்கிய வெடித் தோட்டா என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு வற்றினால் மீன் அந்த மடுவில்தான் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும்தானே. நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் சேர்ந்து குளித்த மடு அது. வாயிலிருந்த பீடியை எடுத்துத் திரியில் வைத்தார். எனக்கு என்னவென்று புரிவதற்குள் கையை ஓங்கிவிட்டார்.

"சித்தப்பா!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டப்பா அப்போது அவர் கையில் இல்லை. நீங்களும் திரும்பினீர்கள், அப்பா. மேலே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தீர்கள். எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்தீர்களா?

அவர்தான் நீந்தி வந்து உங்களைத் தூக்கினார். மணலில் கிடத்தி, மடியில் தலையை வைத்துக்கொண்டு, "கப்பல் வந்துருக்கும்லா, நீ வேலைக்குல்லா போயிருக்கணும்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை இல்லை. அதை நான் சத்தியம் பண்ணுவேன். ஆனால் தூரத்தில் ஆள் வரும் சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டார். உங்கள் இடது கைப் பெருவிரலில் சுற்றியிருந்த நரம்பைக் கத்தியால் அறுத்து, இறகோடு ஆற்றில் எறிந்தார். பறியையும் எறிந்தார்.

"நீ ஒண்ணும் பாக்கல, என்னளா? நான் உள்ள போயிட்டா ஒங்கம்மைக்கும் ஒங்க ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா? போனவன் போயிட்டான். அவன் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது."

எனக்கு அண்ணனோ தம்பியோ இல்லையே. உங்களுக்குக் கொள்ளி வைத்ததும் அவர்தான். மொட்டைத் தலையோடு அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு அரிசியும் அவர்தான் கொண்டுவருகிறார். அவர் மட்டும் இப்போது மீனைத் தொடுவதில்லை.

உங்களைக் குளிப்பாட்டும்போது அம்மா உங்கள் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நரம்பு பதிந்த கோடு சிவப்பாக இருந்தது. "இது என்னளா, வெரல்ல?" என்று என்னைக் கேட்டாள். தூண்டில் போடுகிறவன் விரலில்தானே நரம்பு சுற்றும்? வெடி போடுகிறவன் விரலில் எதற்கு? நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவளிடம் நீட்டினேன். சித்தப்பா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று சாயங்காலம் குழாயடியில் பக்கத்தில் வந்து நின்றார். "ராத்திரி தூக்கத்துல ஒளறுதியாம்லா. ஒங்கம்ம சொன்னா. சாத்தான்குளத்து அத்த வீட்டுல கொண்டு விடுதேன். அங்கனயே படி. விடியுமுன்ன கெளம்பணும்." அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கையில் ஆரஞ்சு மிட்டாய் தந்தார். அதுதான் அப்பா எனக்குப் பயமாக இருக்கிறது.

நாளைக் காலையில் போலீஸ்காரர் வருகிறார். வெடி போட்டது நீங்கள்தான், வேறு யார் மேலும் புகார் இல்லை என்று அம்மாவிடம் கைநாட்டு வாங்கப் போகிறார்கள். அப்போது நான் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் சித்தப்பா கணக்கு. அம்மா வைத்துவிட்டால் அவ்வளவுதான். தங்கச்சி வளர்ந்து பெரியவளானாலும் வெடிக்காரன் மகள்தான்.

சொன்னால் சித்தப்பா ஜெயிலுக்குப் போவார். நாளைக்கு அடுப்பில் என்ன வைப்பது என்று தெரியாது. சொல்லாவிட்டால் நீங்கள் செய்யாததைச் செய்ததாக எழுதி முடித்துவிடுவார்கள். உங்களிடம் கேட்டால், "தம்பிய விட்டுருளா" என்றுதான் சொல்வீர்களோ? அப்படிச் சொல்வீர்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் விட்டுவிடலாம், அப்பா. அவர் உங்கள் தம்பி. நான் எப்படி விடுவது? நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டுதானே செத்தீர்கள்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

இன்னும் விடியவில்லை. கோழிகூடக் கூவவில்லை. "நாந்தான் மைனி, தெறங்க. பிள்ளைய எழுப்புங்க." சித்தப்பாவின் குரல். அம்மா எழுந்து முடியை முடிகிறாள். நான் பஸ் ஏற மாட்டேன். தாழ்ப்பாளில் அம்மா கை படுவதற்குள் அந்த விரல் கோடு எதனால் வந்தது என்று சொல்லிவிடுவேன். சத்தியம் அப்பா. சத்தியம்.

உங்கள் மூத்த மக