உரித்த பட்டை

பிப்ரவரி 4

அன்புள்ள பளிச்சுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். பெரிய கட்டடம், நான்கு லிஃப்ட். நாளுக்கு ஒன்று படுத்துக்கொள்கிறது, நான் திருப்புளியும் கையுமாக ஓடிச் சரிசெய்கிறேன். எனக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல்.

மொட்டைமாடியில் இருக்கும் என் காகிதப்பட்டை மரத்தை உன்னை நம்பித்தான் விட்டுவந்திருக்கிறேன். மற்ற போன்சாய்க்கெல்லாம் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இது ஆஸ்திரேலியாவில் சதுப்பு நிலத்தில் நிற்கிற மரம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டிலேயே உட்கார வை, தட்டு காயவே கூடாது. வளைப்பதற்காகக் கிளையில் சுற்றிய கம்பி பட்டையை அழுத்தத் தொடங்கினால் வெட்டி எடு, முறுக்கி அவிழ்க்காதே. துளிர் நீண்டால் நுனியைக் கிள்ளிவிடு.

கிளம்பும்போது, "மரத்துக்குச் சொன்னதுல பாதியாவது எனக்குச் சொல்லிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன்,
திருப்புளி

மார்ச் 9

அன்புள்ள திருப்புளியாருக்கு,

நலம். கடிதம் எனக்கா மரத்துக்கா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். போகட்டும். தட்டில் கொசு வந்துவிடுமே என்று தினம் தண்ணீர் மாற்றுகிறேன். துளிரைக் கிள்ளினால் விரலில் ஒரு வாசனை ஒட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. சிரிக்காதீர்கள், அதோடு இப்போது பேசவும் செய்கிறேன்.

ஒரு நல்ல காரியமும் செய்தேன். ஆபரேஷன் தியேட்டர் சுத்தமெல்லாம் என் பொறுப்பில் இருப்பதாலோ என்னவோ, அழுக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அடிமரம் முழுக்கக் கிழிந்த போஸ்டர் மாதிரி தோல் தோலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இடுக்கியால் ஒவ்வொரு அடுக்காக உரித்து எடுத்துவிட்டேன். இப்போது வழவழவென்று இருக்கிறது. பார்த்தால் அசந்துபோவீர்கள்!

இன்னொன்று. நீங்கள் இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் என் வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வரட்டுமா? உங்களுக்குப் பிடித்தால் மட்டும்தான் வருவேன். ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

உங்கள்,
பளிச்சு

மார்ச் 17

அடிப்பாவி,

என்ன காரியம் பண்ணிவிட்டாய்! அந்தப் பட்டைக்காகத்தானே அந்த மரம்! அடுக்கடுக்காக உரிந்து தொங்குவதுதான் அதன் அழகு. ஒரு சின்னத் தொட்டிக்குள் அந்த வயசைக் கொண்டுவர எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. நீ ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டாய். அதை யாராவது உரிப்பார்களா?

உடனே நிழலுக்கு மாற்று. அடிமரத்தில் வெயில் படக்கூடாது. மிச்சமிருக்கிற பட்டையில் கை வைக்காதே. துளிர் கிள்ளுவதையும் நிறுத்து. தட்டில் தண்ணீர் இருக்கட்டும்.

வேறெதுவும் எழுத எனக்கு ஓடவில்லை.

திருப்புளி

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

மரம் பிழைத்துக்கொண்டது. தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். பட்டையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். தாளின் பின்பக்கம்கூடப் பார்த்தேன். கோபம் தணிந்ததும் இன்னொன்று வரும் என்று மாதக் கடைசி வரை தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன். கடைசி நாள் மேட்ரன், "என்னம்மா, அந்த ஊர் வேலைக்கு உன் பேர் குடுக்கட்டுமா?" என்றார். "வேண்டாம் மேடம்" என்றேன். பிறகு துணி அலமாரிப் பக்கம் போய் நன்றாக அழுதேன்.

அக்கா வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போகிறேன். மரத்தை நர்சரிக்காரரிடம் விட்டிருக்கிறேன். சாவி கீழ்வீட்டில்.

பளிச்சு

ஏப்ரல் 11

என் பளிச்சுக்கு,

வா. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

உன் கேள்வியைப் படிக்காமல் இல்லை. சத்தியமாகப் படித்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. கட்டில் பெரிதாக வாங்க வேண்டுமே என்று யோசித்தேன். அப்புறம் பட்டை ஞாபகம் வந்து கோபத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வா என்று சொல்லித்தானா உனக்குத் தெரிய வேண்டும், தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டேன். எத்தனை பெரிய முட்டாள் நான்!

அந்த வேலை போனால் போகட்டும், நான் இதை விட்டுவிட்டு வருகிறேன். அக்கா வீட்டுக்கே வருகிறேன். அக்கா திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். எப்போது வரட்டும்?

உன்,
திருப்புளி

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வேண்டுமென்று தாமதிக்கவில்லை. தினமும் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

"வா" என்று பார்த்ததும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷமே, இதற்காக எத்தனை நாள் வாசலில் நின்றேன் என்று நினைத்து உடம்பெல்லாம் கூசியது. இன்னொரு முறை அப்படி நிற்க என்னால் முடியாது. வர வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இங்கே தபால்காரர் தெருவில் போனால் போகிறார். நான் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
பளிச்சு